தட்டும் காதும்: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில் உங்களிடம் ஒன்று கேட்டிருந்தேன்: புதிதாக வாங்கிய செவ்வியல் இசைப் பதிவைப் பற்றிச் சக ரசிகர்களிடம் எப்படிப் பேசுகிறீர்கள்? பதில் எழுதியவர்களைவிடத் திருப்பிக் கேள்வி கேட்டவர்கள்தான் அதிகம். அதனால் இந்த முறை முழுக்க மேற்கத்திய செவ்வியல் இசைப் பதிவுகளைச் சேகரிப்பவர்களின் கேள்விகளையே எடுத்துக்கொண்டேன்.

அம்மா, இந்த இசையைக் கேட்க ஆரம்பித்துச் சில மாதங்கள்தான் ஆகின்றன. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பனியை வாங்கலாம் என்று தேடினால், பதிவுகளுக்குக் கணக்கே இல்லை. எதை வாங்குவது?
– புதிய ரசிகர்

கார்லோஸ் க்ளைபர் நடத்தி, வியன்னா ஃபில்ஹார்மோனிக் வாசித்தது. 1974-ல் பதிவாகி, அடுத்த ஆண்டு டாய்ச்ச கிராமஃபோன் வெளியிட்டது. தயங்காமல் வாங்குங்கள். எல்லாரும் இதைத்தானே சொல்கிறார்கள் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எல்லாரும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்றாம் பகுதி முடிந்து நான்காம் பகுதிக்குப் போகும் இடத்தைக் கவனியுங்கள். டிம்பனி என்ற பெரிய முரசு அடங்கிய குரலில் தட்டிக்கொண்டே இருக்கும், வயலின்கள் தடவித் தடவி மேலே ஏறும், திடீரென்று மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் சி மேஜரில் வெடிக்கும். அந்த சிம்பனியில் ட்ரம்போன் என்ற பித்தளை ஊதுகருவிகள் முதன்முதலாக ஒலிப்பது அந்த இடத்தில்தான். அதுவரை அதை வாசிப்பவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். க்ளைபர் அந்தக் கணத்துக்காகவே முதல் மூன்று பகுதிகளையும் இழுத்துக் கட்டி வைத்திருந்தது போல எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

இரண்டாவது பதிவு உடனே வேண்டாம். ஒரு மாதம் இதை மட்டும் கேளுங்கள். அது மனப்பாடமான பிறகு, அதற்கு நேர் எதிரான ஒன்றைத் தேடுங்கள். என் பரிந்துரை, 1947 மே மாதம் பெர்லினில் ஃபுர்ட்வெங்லர் நடத்திய கச்சேரி. போருக்குப் பின் அவர் மேடையேறத் தடை இருந்தது. அது நீங்கி, தன் பழைய ஆர்க்கெஸ்ட்ராவின் முன்னால் மீண்டும் வந்து நின்ற நாட்கள் அவை. ஒலி மங்கல்தான், மோனோதான். ஆனால் முதல் நான்கு சுரங்களையே அவர் வேறு ஒரு கனத்தோடு வைப்பார். வேகம் கூடும், குறையும், நிற்பது போலப் போக்குக் காட்டும். மூன்றாவதாக ஜான் எலியட் கார்டினர், பீத்தோவன் காலத்து வகை வாத்தியங்களோடு பதிவு செய்ததைக் கேளுங்கள். முதல் பகுதிக்குப் பீத்தோவனே, தாளம் அளக்கும் கருவியான மெட்ரோனோமில் 108 என்று வேகம் குறித்து வைத்திருக்கிறார். அது வாசிக்கவே முடியாத வேகம் என்று பலர் ஒதுக்கியிருந்தார்கள். அந்த வேகத்தை மதித்து வாசித்தால் எப்படி இருக்கும் என்று இதில் தெரியும்.

இந்த மூன்றும் போதும். நான்காவதை நீங்களே தேடிக்கொள்வீர்கள்.

ஒரே இசைக்கு எதற்கு இத்தனை தட்டு என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல?
– கல்லூரி ஆசிரியை

பதில் சொல்லாதீர்கள். இரண்டு தட்டைப் போட்டுக் காட்டுங்கள். அதற்கு மிகவும் வசதியானது, பியானிஸ்ட் க்ளென் கூல்ட் வாசித்த பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ். ஒரே கலைஞர், ஒரே இசை, இரண்டு பதிவுகள். 1955-ல் ஒன்று, 1981-ல் ஒன்று. தொடக்கத்தில் வரும் ஆரியா முதல் பதிவில் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இரண்டாவதில் மூன்று நிமிடத்தைத் தாண்டும். இத்தனைக்கும் இரண்டிலுமே அவர் ஆரியாவின் எந்தப் பாதியையும் திரும்ப வாசிக்கவில்லை. முழுப் பதிவையும் ஒப்பிட்டால் முதலாவது 38 நிமிடம், அடுத்தது 51 நிமிடம். அந்த வித்தியாசம் முழுவதும் வேகத்தால் வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். இளவயதில் அவர் எதையுமே திரும்ப வாசிக்கவில்லை. 1981-ல் சில வேரியேஷன்களில், அதாவது ஆரியாவை வைத்து எழுதிய மாற்று வடிவங்களில், முதல் பாதியைத் திரும்ப வாசித்திருக்கிறார். இரண்டிலும் பியானோவோடு சேர்ந்து அவர் முனகுவதும் கேட்கும்.

ஒரே கீர்த்தனையை ஒரு வித்வான் இருபது வயதில் பாடியதையும் ஐம்பது வயதில் பாடியதையும் அடுத்தடுத்துக் கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. வீட்டில் இருப்பவர்களிடம் ஆரியாவை மட்டும், முதலில் 1955, அடுத்து 1981 என்று போட்டுக் காட்டுங்கள். மொத்தமே ஐந்து நிமிடம்தான். 'இரண்டும் ஒன்றுதானா?' என்று கேளுங்கள். என் அண்ணியிடம் கேட்டபோது, "முதல் ஆள் எங்கேயோ கிளம்புகிறார். இரண்டாவது ஆள் போய்விட்டு வந்துவிட்டார்" என்றார். எந்த விமர்சகரும் இதைவிடச் சரியாக எழுதி நான் படித்ததில்லை. இரண்டாம் பதிவு வெளியான 1982-லேயே, ஐம்பது வயதில், கூல்ட் இறந்துபோனார்.

புதிதாக ஏதாவது வாங்கியதும் நண்பர்களுக்குப் படம் எடுத்து அனுப்புகிறேன். "சூப்பர்" என்று ஒரு வார்த்தை வரும், அதோடு சரி. பெருமை அடிப்பதாக நினைக்கிறார்களோ என்று கூச்சமாக இருக்கிறது. புதுத் தட்டைப் பற்றிப் பேசவே கூடாதா?
– வங்கி ஊழியர்

கட்டாயம் பேச வேண்டும். என்ன பேசுகிறோம் என்பதுதான் விஷயம். அட்டைப் படத்தைக் காட்டினால் எதிரே இருப்பவர் சூப்பர் என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்? நீங்கள் வாங்கியது அவருக்குச் செய்தி, அவ்வளவுதான். அதில் நீங்கள் எதைக் கேட்டீர்கள் என்று சொன்னால்தான் அவருக்கு அதில் நுழைய வழி கிடைக்கும்.

எங்களுக்கு ஒரு சிறிய ஞாயிறு வட்டம் உண்டு. ஓய்வு பெற்ற கண் மருத்துவர் ஒருவர் அதில் இருக்கிறார். ஒருமுறை அவர் ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டாவை, அதாவது பட்டியலில் டி 960 என்று எண் உள்ளதைக் கொண்டுவந்தார். ஸ்வியாடஸ்லாவ் ரிக்டர் வாசித்தது. எவ்வளவு அரிய பதிவு, எங்கே பிடித்தார் என்றெல்லாம் அவர் ஆரம்பிக்கவில்லை. அவர் சொன்னது இதுதான்: "தொடக்கத்தில் அந்த அமைதியான மெட்டு முடியும் இடத்தில் இடது கையில் ஒரு ட்ரில் (அடுத்தடுத்த இரண்டு சுரங்கள் வேகமாக மாறி மாறி ஒலிப்பது) வரும் இல்லையா, எங்கேயோ தூரத்தில் இடி உருளுவது மாதிரி? முதல் பகுதியின் தொடக்கப் பாதியைத் திரும்ப வாசிக்கப் போவதற்கு ஷூபர்ட் தனியாக ஒரு ஒன்பது பார் (தாளக் கட்டு) எழுதியிருக்கிறார். அங்கே அதே ட்ரில் ஒரே ஒரு தடவை உரக்க வருகிறது. திரும்ப வாசிக்காத பியானிஸ்டுகளின் தட்டில் அந்த ஒன்பது பாரும் கிடையாது. இத்தனை வருஷம் நான் அதைக் கேட்டதே இல்லை."

அப்புறம் என்ன, அன்றைய மாலை முழுக்க அதுதான். அவரவர் வீட்டிலிருந்து டி 960 தட்டுகள் வந்தன. ஆல்ஃபிரெட் பிரெண்டல் அந்தப் பாதியைத் திரும்ப வாசித்ததில்லை. அந்த ஒன்பது பார் இசைக்குப் பொருந்தவில்லை என்பது அவர் கட்சி. ரிக்டரோ முதல் பகுதிக்கு மட்டுமே 24 நிமிடம் போல எடுத்துக்கொள்கிறார். யார் சரி என்று சண்டையே வந்தது. நான் ரிக்டர் பக்கம். அந்த இடி ஒரு முறையாவது தலைக்கு மேல் வந்து விழ வேண்டும் என்பது என் எண்ணம். கண் மருத்துவர் வாங்கிய ஒரு தட்டு, எங்கள் எல்லார் வீட்டிலும் தூங்கிக்கொண்டிருந்த தட்டுகளை எழுப்பிவிட்டது. புதுத் தட்டைப் பகிர்வது என்றால் எனக்கு இதுதான்.

ஆகவே, வாங்கிய அன்றே பேசாதீர்கள். இரண்டு முறையாவது முழுதாகக் கேளுங்கள். அப்புறம் ஒரே ஒரு இடத்தைச் சொல்லுங்கள்: எந்தப் பகுதி, எத்தனையாவது நிமிடம், அங்கே என்ன நடக்கிறது. எதிரே இருப்பவரிடம் அதே இசை வேறு யாராவது வாசித்து இருக்கிறதா என்று கேளுங்கள். யார், எந்த ஆண்டு, எந்த ஆர்க்கெஸ்ட்ரா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். 'கராயனின் பீத்தோவன் வாங்கினேன்' என்றால் ஒன்றும் புரியாது, ஏனென்றால் கராயன் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு ஒன்பது சிம்பனிகளையும் 60களில், 70களில், 80களில் என்று திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார். விலையையும் அரிய பொருள் என்பதையும் சொல்லவே வேண்டாம். 'இனிமேல் இது கிடைக்காது' என்று சொன்னால் கேட்பவர் மனதில் இசை பற்றிய எண்ணம் போய், தனக்கு இல்லையே என்ற எண்ணம் மட்டும் மிஞ்சும்.

பகிர்வது என்பது சேகரிப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இல்லை என்பதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1931-ல் எச்.எம்.வி. இசைத்தட்டு நிறுவனத்தில் வால்டர் லெக் என்ற இளைஞர் ஒரு யோசனை சொன்னார். ஹூகோ வூல்ஃபின் பாடல்களை யாரும் வாங்க மாட்டார்கள் என்று நிறுவனம் பயந்தது. சரி, 500 ரசிகர்கள் முன்கூட்டியே சந்தா கட்டினால் பதிவு செய்யலாம் என்று அவர் ஒரு சங்கம் ஆரம்பித்தார். ஆட்கள் சேர்ந்தார்கள், தட்டுகளும் வந்தன. அதே வழியில்தான் 1932 தொடங்கி 1935 வரை ஆர்ட்டூர் ஷ்னாபெல் பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் பதிவு செய்தார். முழு வரிசையையும் தட்டில் கொண்டுவந்த முதல் ஆள் அவர்தான். ஒருவருக்கொருவர் முகம் தெரியாத ரசிகர்கள் 'எனக்கும் ஒன்று' என்று பெயர் கொடுத்திருக்காவிட்டால் அந்தப் பதிவு நம் கைக்கு வந்திருக்குமா?

கூச்சத்தை விடுங்கள். அடுத்த தட்டைக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு இடத்தைப் பற்றி நண்பருக்கு எழுதுங்கள். சூப்பர் என்று மட்டும் பதில் வராது.

பழைய எல்.பி. ஒன்றில் 'த்வொர்ஷாக் சிம்பனி எண் 5, நியூ வேர்ல்ட்' என்று இருக்கிறது. என்னிடம் உள்ள சி.டி.யில் அதுவே எண் 9. அச்சுப் பிழையா?
– பள்ளி மாணவர்

இல்லை, இரண்டுமே அந்தந்தக் காலத்துக்குச் சரி. த்வொர்ஷாக் எழுதியது ஒன்பது சிம்பனி. அவர் உயிரோடு இருந்தபோது அச்சானவை ஐந்துதான். அச்சான வரிசையில் எண் போட்டார்கள், அதனால் கடைசியாக எழுதிய நியூ வேர்ல்ட் ஐந்தாவது ஆனது. 1950களுக்குப் பிறகுதான் ஒன்பதையும் எழுதிய வரிசைப்படி எண்ணும் வழக்கம் நிலைத்தது. பழைய தட்டில் எண் 4 என்று இருந்தால் அது இன்றைய எட்டு. எண் 2 என்று இருந்தால் இன்றைய ஏழு. ஷூபர்ட்டின் பெரிய சி மேஜர் சிம்பனி இன்னும் மோசம். அதை ஏழு, எட்டு, ஒன்பது என்று மூன்று எண்ணாலும் விற்றிருக்கிறார்கள்.

அதனால்தான் சேகரிப்பவர்கள் பட்டியல் எண்ணைப் பிடித்துக்கொள்வார்கள். மொசார்ட்டுக்குக் கே., ஷூபர்ட்டுக்கு டி., பாக்குக்கு பி.டபிள்யூ.வி. கேஷல் 1862-ல் தயாரித்த மொசார்ட் பட்டியல் காலவரிசைப்படி அமைந்தது, கடைசியில் ரெக்வியம், கே. 626. பாக்கின் பட்டியல் அப்படி இல்லை. அது இசை வகைப்படி பிரித்தது. எண் பெரிதாக இருப்பதால் பிற்காலத்தில் எழுதியது என்று அர்த்தமில்லை. ப்ரூக்னரை வாங்கும்போது மட்டும் எண்ணைத் தாண்டி எந்த வடிவம் என்றும் பார்க்க வேண்டும். நான்காம் சிம்பனியை அவர் பலமுறை திருத்தினார். 1874 வடிவத்தில் இருக்கும் ஸ்கெர்ஸோ என்ற துள்ளலான மூன்றாம் பகுதி, நாம் வழக்கமாகக் கேட்கும் வேட்டை ஸ்கெர்ஸோவே இல்லை, முற்றிலும் வேறு இசை. மாணவராக இருந்துகொண்டு அட்டையில் உள்ள எண்ணைக் கவனிக்கிறீர்களே, எனக்கு மிகவும் சந்தோஷம்.

எல்.பி.யா, சி.டி.யா?
– பொறியாளர்

இருக்கிறதை வைத்துக் கேளுங்கள். இந்தச் சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை. ஆனால் எந்த ஊடகம் இசையை எங்கே வெட்டியது என்பதில் ஆர்வம் உண்டு. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய 78 வேகத் தட்டில் ஒரு பக்கத்துக்கு நான்கு, ஐந்து நிமிடம்தான். ஒரு சிம்பனியின் மெதுவான பகுதியைக் கேட்கவே பாதியில் எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும். 1948-ல் எல்.பி. வந்தபோது ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. 1982-ல் சி.டி. வந்ததும் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பனியை எழாமல் கேட்க முடிந்தது. அந்த சிம்பனி அடங்க வேண்டும் என்பதற்காகத்தான் சி.டி. 74 நிமிடம் ஆனது என்று ஒரு அழகான கதை சொல்வார்கள். சி.டி.யை உருவாக்கிய பொறியாளர்களில் ஒருவரான கீஸ் இம்மிங்க், விஷயம் அவ்வளவு எளிதல்ல, தொழில்நுட்பமும் வியாபாரப் போட்டியும்தான் பெரிய காரணம் என்று எழுதியிருக்கிறார். நீங்களும் பொறியாளர் என்பதால் இதைச் சொல்கிறேன்.

விமர்சகர்கள் ஆகா ஓகோ என்று புகழ்ந்த தட்டு ஒன்றை வாங்கினேன். நண்பர்களும் புகழ்கிறார்கள். எனக்கு ஒட்டவே இல்லை. என் காதில்தான் கோளாறா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

ஜாய்ஸ் ஹாட்டோ கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். இங்கிலாந்துப் பியானிஸ்ட். 70களிலேயே, உடல்நலக் குறைவு என்று சொல்லி, மேடையை விட்டு விலகியவர். வெகுகாலம் கழித்து, அவருடைய கணவர் நடத்திய சிறிய நிறுவனத்திலிருந்து அவர் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட சி.டி.க்கள் வந்தன. பெரும் பியானோ இசை எல்லாமே அதில் இருந்தது. நோயோடு போராடிக்கொண்டு இப்படி வாசிக்கிறாரே என்று ரசிகர்கள் நெகிழ்ந்தார்கள், விமர்சகர்கள் கொண்டாடினார்கள். 2006-ல் அவர் இறந்தார். 2007 தொடக்கத்தில் ஒரு ரசிகர், ஹாட்டோ பெயரில் வந்த, இசையமைப்பாளர் லிஸ்ட்டின் தட்டைக் கணினியில் போட்டார். திரையில் வேறு பெயர் வந்தது: லாஸ்லோ சிமோன். அவருடைய தட்டைத் தேடிப் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தால், அதே வாசிப்பு. தோண்டத் தோண்ட, மற்ற தட்டுகளும் வெவ்வேறு பியானிஸ்டுகளுடையவை என்று தெரிந்தது. சிலவற்றில் வேகத்தை மட்டும் லேசாக மாற்றியிருந்தார்கள். கணவர் பிறகு ஒப்புக்கொண்டார்.

இதை வைத்து விமர்சகர்களுக்குக் காது இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் புகழ்ந்தது உண்மையிலேயே நல்ல வாசிப்பு. எனக்கு வலிப்பது வேறு. அதே வாசிப்பு அதை வாசித்தவர்களின் சொந்தப் பெயரில் வந்தபோது இத்தனை பேர் நெகிழவில்லை. பெயரும் பின்கதையும் காதுக்கு முன்னால் போய் நின்றுகொள்கின்றன.

அந்தச் செய்தி வந்த பிறகுதான் எங்கள் ஞாயிறு வட்டத்தில் ஒரு வழக்கம் வந்தது. புதுத் தட்டைக் கொண்டுவருபவர் அட்டையைத் துணியால் மூடி வைத்துவிடுவார். யார் வாசிக்கிறார்கள் என்று சொல்லாமலே போடுவார். எல்லாரும் பேசி முடித்த பிறகுதான் துணியை எடுப்போம். பெரிய பெயர்களைக் கேட்டு யாருக்கும் ஒன்றும் தோன்றாமல் போன மாலைகளும் உண்டு, பெயரே தெரியாத ஒரு நால்வர் குழுவைக் கேட்டு எல்லாரும் வாயடைத்துப்போன மாலையும் உண்டு.

உங்கள் காதில் கோளாறு இல்லை. தட்டை விற்றுவிடவும் வேண்டாம். ஒரு வருஷம் அலமாரியில் வைத்துவிட்டு எடுத்துக் கேளுங்கள். அப்போதும் ஒட்டவில்லை என்றால், அதைப் புகழும் நண்பருக்கே கொடுத்துவிடுங்கள். 'எனக்கு ஒட்டவில்லை' என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லியும்விடுங்கள். நல்ல பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

பெரிய பெட்டியாக, நூறு சி.டி. சேர்ந்தது வாங்கலாமா?
– இல்லத்தரசி

வாங்கலாம், ஆனால் பெட்டியை அலமாரியில் வைக்காதீர்கள். அதிலிருந்து ஒரு சி.டி.யை மட்டும் எடுத்து, பிளேயருக்குப் பக்கத்தில் வையுங்கள். அதைக் கேட்டு முடித்த பிறகே அடுத்தது. பெட்டியில் உள்ள ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் தனித் தட்டாக வந்தது, யாரோ மாதக்கணக்கில் உழைத்துத் தயாரித்தது. வாக்னரின் ரிங் இசை நாடகங்கள் நான்கையும் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திய சோல்டியும் தயாரிப்பாளர் ஜான் கல்ஷாவும் வியன்னாவில் 1958-ல் தொடங்கி 1965-ல்தான் முடித்தார்கள். அதை ஒரு வாரத்தில் கேட்டு முடித்தேன் என்று யாராவது சொன்னால் எனக்கு மனது கஷ்டப்படும்.

பழைய பதிவுகளில் அந்த 'கொரகொர' சத்தத்தைத் தாங்க முடியவில்லை. விட்டுவிடலாமா?
– மருந்தாளுநர்

விடாதீர்கள். பாப்லோ கசால்ஸ் வாசித்த பாக்கின் தனி செல்லோ சூட்டுகளில் (நடன இசைத் தொகுப்புகளில்) ஆரம்பியுங்கள். 1936-லிருந்து 1939 வரை பதிவானவை. அந்த சூட்டுகளின் இசைத்தாள்களைப் பதின்மூன்று வயதில் பார்சிலோனாவில் ஒரு பழைய கடையில் கண்டெடுத்ததாகவும், ஒரு முழு சூட்டைப் பொதுமேடையில் வாசிக்கும் துணிவு வரப் பன்னிரண்டு வருஷம் ஆனதாகவும் கசால்ஸ் சொல்லியிருக்கிறார். அத்தனை வருஷம் தனியாகப் பழகியதெல்லாம் அந்த வில்லின் அழுத்தத்தில் தெரியும். முதல் சில நிமிடம் சத்தம்தான் கேட்கும். அப்புறம் காதே அதை ஒதுக்கிவிட்டு செல்லோவை மட்டும் பிடித்துக்கொள்ளும். ஹெட்போனில் கேட்காதீர்கள், ஸ்பீக்கரில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேளுங்கள்.

இன்னொன்று. பழைய பதிவுகளில் யார் மறுபதிப்புச் செய்தார் என்பது யார் வாசித்தார் என்பதற்கு அடுத்த முக்கியம். சத்தத்தை அளவுக்கு மீறித் துடைத்தெடுத்தால் வயலினின் மேல் சுரங்களும் அதோடு போய்விடும். ஆரம்ப காலத் தட்டுகள் எல்லாமே சரியாக 78 வேகத்தில் பதிவானவையும் அல்ல. வேகம் தவறினால் சுருதியே மாறிவிடும், பாடகரின் குரல் வேறு ஆளுடையது போல ஆகிவிடும். வார்ட் மார்ஸ்டன், மார்க் ஓபர்ட்-தார்ன் ஆகிய இருவரில் ஒருவர் பெயர் சி.டி.யில் இருந்தால் நம்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவல் கொடுத்த தட்டு திரும்பி வரவில்லை. கேட்கவும் தயக்கம்.
– அரசு ஊழியர்

'கேட்டீர்களா? இரண்டாம் பகுதி எப்படி இருந்தது?' என்று விசாரியுங்கள். கேட்டிருந்தால் ஒரு நல்ல உரையாடல் கிடைக்கும். கேட்காமல் இருந்தால் அவராகவே கொண்டுவந்து கொடுத்துவிடுவார். என் அனுபவத்தில் இது தவறியதில்லை.

என் அப்பா சென்ற வருடம் காலமானார். அவர் சேர்த்த தட்டுகள் ஒரு அறை நிறைய இருக்கின்றன. எனக்கு இந்த இசை தெரியாது. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் வழி தெரியவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு மகள்

அவசரப்படாதீர்கள் அம்மா. மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன் என்று வருபவரிடம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

முதலில் ஒவ்வொரு உறையையும் திறந்து உள்ளே பாருங்கள். சேகரிப்பவர்கள் அட்டைக்குள் பல விஷயங்களை வைப்பார்கள்: வாங்கிய தேதி, பத்திரிகையில் வெட்டிய விமர்சனம், நண்பர் எழுதிய கடிதம், எந்தப் பக்கத்தில் கீறல் என்ற குறிப்பு. என் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவர். எனக்கு இந்த இசையை அறிமுகப்படுத்தியதே அவர்தான். அவருடைய தட்டுகளில் எந்தத் துறைமுகத்தில் வாங்கியது, முதலில் யாரோடு உட்கார்ந்து கேட்டது என்று பென்சிலில் எழுதியிருப்பார். அப்படி ஏதாவது இருந்தால் அதைத் தட்டிலிருந்து பிரிக்காதீர்கள். குறிப்பும் தட்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

அடுத்து, அப்பாவோடு சேர்ந்து இசை கேட்ட நண்பர்கள் நிச்சயம் ஓரிருவர் இருப்பார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள். தட்டுகளைக் கொடுப்பதற்காகக் கூப்பிட வேண்டாம். அப்பா எதைப் பற்றி அதிகம் பேசுவார் என்று கேளுங்கள், அதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நீங்களும் கூட உட்காருங்கள். இந்த இசை தெரியாது என்கிறீர்கள், சின்ன வயதில் பக்கத்து அறையில் ஓடியதெல்லாம் உங்கள் காதில் எங்கேயோ இருக்கிறது. எது உங்களுக்குப் பரிச்சயமாக ஒலிக்கிறதோ அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை அந்த நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளட்டும். அதற்கு மேலும் மிஞ்சினால் இசைக் கல்லூரி நூலகத்தைக் கேட்கலாம், ஆனால் கொடுப்பதற்கு முன் பட்டியலை அனுப்பி, எது அவர்களுக்குத் தேவை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதுவரை பத்திரப்படுத்துவது எப்படி என்று சொல்கிறேன். எல்.பி.க்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல நிறுத்தி வையுங்கள், சாய்ந்து நிற்கக் கூடாது. கனமாக, தடிமனாக, தட்டினால் உடைந்துவிடும் போல இருப்பவை 78 வேக அரக்குத் தட்டுகள். அவற்றைத் தனியே பிரித்துவிடுங்கள். எல்.பி. ஊசியை அவற்றின் மேல் வைக்கக் கூடாது, அவற்றின் பள்ளம் அகலமானது, அதற்கென்று தடித்த ஊசி உண்டு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பதால் ஸ்பிரிட், ஆல்கஹால் கலந்த எதையும் கொண்டு துடைக்கவே கூடாது. உலர்ந்த மென்மையான பிரஷ் போதும். சி.டி.க்களைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்திலிருந்து செம்பு நிறம் ஏறியிருந்தால், 80களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் தயாரான சில சி.டி.க்களுக்கு வந்த கோளாறு அது: மேற்பூச்சு பலவீனமாக இருந்ததால், கூட வைத்த காகிதத்தில் இருந்த கந்தகம் உள்ளே போய் வெள்ளிப் படலத்தை அரித்துவிட்டது. அப்படிப்பட்டதை மட்டும் உடனே யாரிடமாவது கொடுத்துக் கணினியில் நகல் எடுத்துவிடுங்கள். மற்றதற்கு நேரம் இருக்கிறது.

பட்டியல் எழுத ஆரம்பித்ததும் முதல் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். எந்தத் தட்டை முதலில் போட்டுப் பார்க்கலாம் என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.